வாசகர் கேள்வி – பதில்: அகச்சிவப்பு சென்சாரில் எதை, எப்படிக் கேட்டு வாங்குவது?

கடையில் போய் ஐ.ஆர். சென்சார் வேண்டும் என்றால், டிவி ரிமோட் சிக்னலைப் பிடிக்கும் மூன்று கால் பாகமும் வரும். ஆள் நடமாட்டம் காட்டும் வெள்ளைக் குமிழ் போர்டும் வரும். காய்ச்சல் பார்க்கும் கருவிக்குள் இருக்கும் சின்ன உலோகக் குப்பியும் வரும். மூன்றுக்கும் பெயர் ஒன்று. ஆனால் அவை பார்க்கும் அலைநீளம் 0.9 மைக்ரானில் தொடங்கி 14 மைக்ரான் வரை பரந்து கிடக்கிறது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சொந்தமாகக் கருவி அமைப்பவர்களுடையவை. எந்தப் பொருள், எத்தனை டிகிரி, எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் பதில்கள் உங்கள் வேலைக்கும் பொருந்தும்.

கேள்வி: முட்டை அடைவைக்கும் இயந்திரத்தை நாங்களே செய்திருக்கிறோம். காற்றின் வெப்பத்தோடு முட்டை ஓட்டின் வெப்பத்தையும் தொடாமல் அளக்க ஜிஒய் 906 போர்டு வாங்கினோம். முட்டைக்கு 5 சென்டிமீட்டர் அருகில் வைத்தும் தட்டின் வெப்பத்தையே காட்டுகிறது. வேறு எந்த சென்சார் வாங்க வேண்டும்?
– வாசகர், நாமக்கல்

பதில்: சென்சார் கெட்டுப்போகவில்லை. அதன் பார்வை உங்களுக்குத் தேவையானதைவிட அகலமாக இருக்கிறது. அந்த போர்டில் இருப்பது பெல்ஜியத்தின் மெலெக்சிஸ் நிறுவனத்து எம்எல்எக்ஸ் 90614. மலிவான போர்டுகளில் பெரும்பாலும் 90 டிகிரி பார்வைக் கோணம் கொண்ட வகையே வரும். 90 டிகிரி என்றால், தூரத்தைப் போல் இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கும். 5 சென்டிமீட்டரில் வைத்தால் 10 சென்டிமீட்டர் வட்டம். முட்டையின் அகலம் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. மீதி வட்டம் முழுக்கத் தட்டும் பக்கத்து முட்டைகளும்தான்.

இந்த சென்சாரை வாங்கும்போது கடைசி மூன்று எழுத்துகளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் எழுத்து மின்னழுத்தமும் துல்லியமும்: ஏ என்றால் 5 வோல்ட், பி என்றால் 3 வோல்ட், டி என்றால் 3 வோல்ட் மருத்துவத் துல்லியம். இரண்டாவது எழுத்து சி என்றால், குப்பியின் ஒரு பக்கம் மட்டும் சூடாவதால் வரும் பிழையை ஈடுசெய்யும் வகை. மூன்றாவது எழுத்துதான் பார்வைக் கோணம்: ஏ 90 டிகிரி, சி 35, எஃப் 10, எச் 12, ஐ 5 டிகிரி. உங்களுக்குத் தேவை டிசிஐ என்று முடிவது. 10 சென்டிமீட்டர் தூரத்தில் அது பார்க்கும் வட்டம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. டி வகையின் ±0.2 டிகிரித் துல்லியம் மனித உடல் வெப்ப எல்லையில் உறுதி செய்யப்பட்டது. ஓட்டில் நீங்கள் எதிர்பார்க்கும் 37.8 டிகிரி அந்த எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. விலை சாதாரண போர்டைவிடப் பல மடங்கு கூடுதல்தான். ஆனால் இந்த வேலைக்கு அகலப் பார்வை வகையை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் வீண்.

உமிழ்திறன் (ஒரு பரப்பு தன் வெப்பத்துக்கேற்ற அகச்சிவப்பை எவ்வளவு முழுமையாக வெளியிடுகிறது என்ற எண்; உச்சம் 1) பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஓடு 38.0, சுவர் 37.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உமிழ்திறன் 0.95 ஆக இருந்து, நீங்கள் 1 என்றே விட்டுவிட்டாலும் பிழை சுமார் 0.03 டிகிரிதான். கதவைத் திறந்ததும் இந்தக் கணக்கு செல்லாது. மூடிய பிறகு பெட்டி பழைய வெப்பத்துக்குத் திரும்பும்வரை வரும் அளவுகளைத் தள்ளிவிடுங்கள். ஹீட்டர் கம்பியும் விசிறிக் காற்றும் நேராகக் குப்பியில் படாத இடத்தில் பொருத்துங்கள்.

இணைப்பில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. டி வகைக்கு 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடுவது முதலாவது. அடுத்து, கிளாக்கை 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுவது. இதற்கு 100 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சம். மூன்றாவது, நாலைந்து சென்சார்களை அப்படியே ஒரே கம்பியில் மாட்டுவது. எல்லாமே 5ஏ என்ற ஒரே முகவரியோடு வருகின்றன; ஒவ்வொன்றாக மாட்டி முகவரியை மாற்றி எழுதிய பிறகே சேர்க்க வேண்டும். எழுதும் முன் அந்த நினைவக அறையில் பூஜ்யம் எழுதி அழித்து, 10 மில்லி நொடி பொறுத்து, புதிய எண்ணை எழுதி, மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். கம்பி அரை மீட்டரைத் தாண்டினால் சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கன்ட்ரோலரை வைத்து, அங்கிருந்து ஆர்எஸ் 485 என்ற நீள்கம்பித் தொடர்பு முறை வழியே கொண்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: அடையின் பின்பாதியில் கரு தானே வெப்பம் வெளியிடுவதால் ஓடு காற்றைவிடச் சூடாகும். முட்டை ஓட்டின் வெப்ப அளவை மட்டும் நம்பி ஹீட்டரை இயக்காதீர்கள். காற்று சென்சாரும் இருக்கட்டும், தனியாக உச்சவரம்பு கட்டாஃபும் இருக்கட்டும்.

கேள்வி: தீப்பெட்டிக் கட்டுகளை கன்வேயரில் எண்ண, ஒரு பக்கம் 38 கிலோஹெர்ட்ஸ் எல்.இ.டி.யும் மறுபக்கம் ரிமோட் ரிசீவரும் வைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் சரியாக இருக்கிறது. சற்று நேரத்தில் கட்டு இல்லாமலே "மறைந்தது" என்று காட்டுகிறது.
– வாசகர், சிவகாசி

பதில்: டிஎஸ்ஓபி வகை ரிசீவர் ரிமோட்டுக்காகவே செய்யப்பட்டது. ரிமோட் சிக்னல் விட்டு விட்டு வரும். நிற்காமல் வரும் 38 கிலோஹெர்ட்ஸை அந்தச் சில்லு டியூப்லைட் சோக்கின் இரைச்சலாக எடுத்துக்கொண்டு தன் உணர்திறனைக் குறைத்துவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். இதே வேலைக்கென்று விஷே நிறுவனம் டிஎஸ்எஸ்பி 4038 என்று ஒன்று செய்கிறது. அதன் உணர்திறன் மாறாது, தொடர் சிக்னலை ஏற்கும். எழுத்து மாற்றம் சிறியதாகத் தெரிவதால் கடையில் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லப்படலாம். ஒன்றல்ல.

கையில் இருப்பதையே வைத்து ஓட்ட வேண்டுமானால், எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரிக்காமல் 20 துடிப்பு அனுப்பி, அடுத்த ஒரு மில்லி நொடிக்கு மேல் நிறுத்தி, மறுபடி அனுப்புங்கள். 20 துடிப்புக்கு அரை மில்லி நொடிதான் ஆகும். கட்டுகள் நகரும் வேகத்துக்கு இது தாராளம். ரிசீவரின் மின்காலில் 100 ஓம் தொடராகவும், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் போடுங்கள். எல்.இ.டி. 940 நானோமீட்டராக இருக்கட்டும்; 5 வோல்ட்டில் 100 ஓம் போட்டால் சுமார் 35 மில்லி ஆம்பியர் ஓடும். அதை கன்ட்ரோலர் காலில் நேராக மாட்டாமல் ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர் வழியே ஓட்டுங்கள்.

பழைய டிஎஸ்ஓபி 1738-க்குப் பதில் 38238 வாங்கினால் கால் வரிசை மாறும். பழையதில் கிரவுண்டு, மின்சாரம், வெளியீடு என்று வரும். புதியதில் வெளியீடு, கிரவுண்டு, மின்சாரம். பழைய சாக்கெட்டில் அப்படியே செருகினால் பாகம் கெட்டுவிடும்.

கேள்வி: எங்கள் வார்ப்பகத்தில் உருகிய இரும்பின் வெப்பத்தை 1350 – 1450 டிகிரியில் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். 8 முதல் 14 மைக்ரான் சென்சார் நிறையக் கிடைக்கிறதே, அதில் உயர்ந்த எல்லை உள்ளதை வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். இங்கே விலையைவிட அலைநீளமே முக்கியம். 1400 டிகிரியில் பொருளின் உமிழ்திறனை நீங்கள் 10 சதவீதம் தவறாகக் கணித்துவிட்டதாக வையுங்கள். 10 மைக்ரானில் அளந்தால் பிழை சுமார் 110 டிகிரி. 1 மைக்ரானில் அளந்தால் சுமார் 20 டிகிரி. உருகிய உலோகத்தின் உமிழ்திறன் கசடு, ஆக்சைடு, அலை என்று நொடிக்கு நொடி மாறும் என்பதால் இந்த ஐந்து மடங்கு வித்தியாசம்தான் கருவியின் உயிர்.

நல்ல செய்தி என்னவென்றால், 1 மைக்ரானுக்கு அரிய டிடெக்டர் தேவையில்லை. சாதாரண சிலிக்கான் போட்டோடயோடு 1.1 மைக்ரான் வரை பார்க்கும். அதன் முன் 0.9 மைக்ரான் குறுகிய பட்டை வடிகட்டி, ஒரு லென்ஸ், பின்னால் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆம்ப்ளிஃபையர். அவ்வளவுதான். இந்த அலைநீளத்தில் 1350-லிருந்து 1450 டிகிரிக்கு ஏறும்போது சிக்னல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, ஆகவே சிக்னலை எண்ணாக மாற்ற 12 பிட் ஏ.டி.சி.யே போதும். ஆனால் 700, 800 டிகிரியும் இதே கருவியில் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சிக்னல் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். அதற்கு 1.6 மைக்ரானில் வேலை செய்யும் இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் தனியாக வேண்டும்.

உலை வாயில் குறிவைக்காதீர்கள். அங்கே தெரிவது கசடு. ஊற்றும் தாரையைக் குறிவையுங்கள். புகை அளவைக் கீழே இழுக்கும், கசடுத் துண்டு மேலே தள்ளும். நொடிக்கு நூறு அளவு எடுத்து நடுமதிப்பைப் பதிவு செய்தால் இரண்டும் ஒதுங்கும். புகை அதிகமென்றால் இரு அலைநீளங்களின் விகிதத்தைப் பார்க்கும் முறைக்குப் போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிடெக்டர்கள் அடுக்கிய பாகங்கள் கிடைக்கின்றன. ஹமாமட்சுவின் கே1713 வரிசை அப்படிப்பட்டது. எதுவானாலும் முக்கி எடுக்கும் பிளாட்டினம்–ரோடியம் தெர்மோகப்பிளோடு (தொட்டு வெப்பம் அளக்கும் இரட்டைக் கம்பிச் சென்சார்) வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். லென்ஸ் முன் தூசி படியாமல் வடிகட்டிய காற்றை ஊதிக்கொண்டே இருங்கள். எண்ணெய் கலந்த கம்ப்ரசர் காற்று லென்ஸை மேலும் கெடுக்கும்.

அலுமினியம் உருக்குபவர்களும் இதைக் கேட்பதுண்டு. அதன் உமிழ்திறன் மிகக் குறைவு, ஆக்சைடு படியும்போது தாறுமாறாக மாறும். அங்கே தெர்மோகப்பிளே சரி.

கேள்வி: தேயிலை உலர்த்தியிலிருந்து வெளிவரும் தூளின் ஈரப்பதத்தை அகச்சிவப்பால் அளக்கும் கருவி செய்ய முயல்கிறோம். 1.45 மைக்ரானுக்கான டிடெக்டர் எளிதாகக் கிடைக்கிறது, 1.94 மைக்ரானுக்கானது அரிதாகவும் விலையாகவும் இருக்கிறது. முதலாவதே போதுமா?
– வாசகர், ஹட்டன், இலங்கை

பதில்: வாட்டிய கொழுந்தாக இருந்தால் 1.45 மைக்ரானே போதும் என்று சொல்லியிருக்கலாம். அதில் நீர் நிறைய. உலர்த்தியை விட்டு வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அவ்வளவு குறைந்த நீரைப் பிரித்தறிய 1.94 மைக்ரானின் வலுவான உறிஞ்சுபட்டைதான் ஏற்றது. சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைடு 1.7 மைக்ரானோடு நின்றுவிடும். ஆக உங்களுக்கு இரண்டு வழி: அதன் நீட்டிக்கப்பட்ட வகை, அல்லது 1 முதல் 3 மைக்ரான் வரை பார்க்கும் லெட் சல்பைடு.

லெட் சல்பைடு விலை குறைவு. ஆனால் அதன் மின்தடை வெப்பத்தோடு கடுமையாக ஓடும். உலர்த்தி அறையில் காலையும் மதியமும் ஒரே அளவு வராது. குளிர்த்தி உள்ளேயே பொருத்திய வகையை வாங்கி ஒரே வெப்பத்தில் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லை அடங்கும். ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும் சுழல் தட்டு கட்டாயம். அந்தத் தட்டிலேயே வடிகட்டிகளைப் பொருத்திவிடலாம்: ஒன்று 1.94, மற்றவை அதன் இருபுறமும் 1.8-க்கும் 2.1-க்கும் அருகில், கூடவே ஒளி புகாத ஒரு துண்டு. தூளின் கருமையும் துகள் அளவும் மூன்றையும் ஒருசேரக் குறைக்கும். நீர் நடுவில் உள்ளதை மட்டும் குறைக்கும். விகிதம் எடுத்தால் நிறத்தின் தொல்லை பெருமளவு விலகும். ஒளிக்குக் குவார்ட்ஸ் உறை கொண்ட ஹாலஜன் விளக்கு போதும்.

வாங்குவதில் சிக்கல் டிடெக்டரைவிட வடிகட்டியில்தான் வரும். நீங்கள் கேட்கும் அலைநீளத்துக்கென்று தனியாகப் பூசிக் கொடுக்கச் சொன்னால் குறைந்தபட்ச எண்ணிக்கையும் வாரக்கணக்கான காத்திருப்பும் உண்டு. 12.5 அல்லது 25 மில்லிமீட்டர் விட்டத்தில் கையிருப்பில் இருக்கும் அலைநீளங்களைப் பார்த்துவிட்டு அவற்றைச் சுற்றியே வடிவமையுங்கள். வடிகட்டி 10 டிகிரி சாய்ந்தால் அதன் அலைநீளம் சுமார் 10 நானோமீட்டர் குட்டைப் பக்கம் நகரும். எனவே ஒளி இணைகதிராக விழ வேண்டும், தட்டு ஆடக்கூடாது. டிடெக்டருக்கு உதிரி ஒன்று போதும். வடிகட்டிக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள், ஒரே பூச்சுத் தொகுதியிலிருந்து.

அளவுதிருத்தம் செய்ய அடுப்பு முறைதான் அளவுகோல்: 103 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி எடை இழப்பைக் காண்பது; ஐஎஸ்ஓ 1573 சொல்வது இதுவே. தரம் மாறும்போதெல்லாம், அதாவது பி.ஓ.பி., டஸ்ட் போன்ற ஒவ்வொரு தூள் தரத்துக்கும், தனித்தனி அளவுதிருத்தக் கோடு வரையுங்கள்.

கேள்வி: சூரிய மின்தகடுகளில் சூட்டுப் புள்ளி தேட லெப்டன் 3.5 வெப்பக் கேமரா தொகுதியை வைத்து ஒரு தள்ளுவண்டி செய்கிறோம். எவ்வளவு உயரத்தில் பொருத்தலாம்? நொடிக்கு 9 படம்கூட வரவில்லையே, பழுதா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: பழுதில்லை. 9 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் வெப்பக் கேமராக்களுக்கு அமெரிக்க ஏற்றுமதி விதிகள் கடுமையானவை. அதற்குள் அடங்கவே லெப்டன் 8.7-இல் நிறுத்தப்பட்டிருக்கிறது. வாங்கும்போது எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று படிவம் கேட்டால் "சூரிய மின்தகடு பரிசோதனை" என்று நேராக எழுதுங்கள். மழுப்பலாக எழுதினால் ஆர்டர் நின்றுபோகும்.

உயரத்துக்குக் கணக்கு இதோ. படம் 160 புள்ளி (பிக்சல்) அகலம், 57 டிகிரி பார்வை. 10 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர், 15.6 சென்டிமீட்டர் செல் ஒன்றுக்கு இரண்டே புள்ளிகள். மின்தகடுகளை வெப்பக் கேமராவால் சோதிப்பதற்கான ஐஇசி 62446-3 தரநிலை ஒரு செல்லின் விளிம்புக்கு 5 புள்ளி கேட்கிறது. அதாவது ஒரு புள்ளி 3 சென்டிமீட்டர், தூரம் சுமார் 4.4 மீட்டர். அதைத் தாண்டாதீர்கள். தகட்டின் மேல் விழும் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாமல் இருக்கும் நேரத்தில் எடுங்கள். கண்ணாடியில் வண்டியின் நிழலுருவமோ மேகமோ பிரதிபலித்தால் அதுவும் சூட்டுப் புள்ளி போலவே தெரியும். இரண்டு அடி நகர்ந்து மறுபடி பாருங்கள். புள்ளி தகட்டோடு நின்றால் பழுது, உங்களோடு நகர்ந்தால் பிரதிபலிப்பு.

கேள்வி: சென்னை ரிட்சி தெரு மின்னணுக் கடைகளில் கிடைக்காத சென்சாரை எங்கிருந்து, எப்படி வரவழைப்பது? வந்தது சரியான பாகம்தானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: தயாரிப்பாளரின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். மௌசர், டிஜி-கீ, எலிமென்ட் 14 போன்ற இடங்களில் முழுக் குறியீட்டையும் கடைசி எழுத்துவரை தட்டச்சு செய்து தேடுங்கள். அந்தப் பக்கத்தில் "புதிய வடிவமைப்புக்குப் பரிந்துரைக்கப்படவில்லை" என்ற குறிப்பு இருந்தால் இன்று கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து உதிரிக்கு அலைய வேண்டிவரும். வெளிநாட்டு அனுப்புதலில் விலை சுங்கவரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். கூரியர் நிறுவனம் கே.ஒய்.சி. ஆவணம் கேட்கும், அதை முன்பே தயாராக வைக்காவிட்டால் பார்சல் விமான நிலையக் கிடங்கில் கிடக்கும். பத்து கருவிக்கு 12 சென்சார் வாங்குங்கள், முடிந்தவரை ஒரே தொகுதி எண்ணில்.

வெப்ப சென்சாரைச் சோதிக்க நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும். பொடித்த ஐஸில் கொஞ்சம் நீர் விட்டு, கிளறி, ஐந்து நிமிடம் விடுங்கள். மேலே மிதக்கும் ஐஸை ஒதுக்கிவிட்டு, நீர்ப்பரப்புக்கு நேர் மேலே, வட்டம் முழுக்க நீர் மட்டும் விழும்படி அளந்தால் 0 டிகிரியை ஒட்டி வர வேண்டும். நீரின் உமிழ்திறன் சுமார் 0.96. கொதிநீரை நேராகப் பார்க்காதீர்கள். ஆவி சென்சாரின் கண்ணில் படிந்து அளவு பொய் சொல்லும். மேட் கறுப்பு அடித்த ஆழமான தகர டப்பாவை 60 டிகிரி நீரில் கழுத்தளவு அமிழ்த்தி, அதன் உள்ளே அடித்தளத்தைப் பாருங்கள். நீரில் ஒரு நல்ல தெர்மாமீட்டர். கோணத்தைச் சோதிக்க, சூடான சாலிடரிங் அயர்ன் முனையை 20 சென்டிமீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உச்சத்தில் பாதியாகக் குறையும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட அகலம் 90 டிகிரி வகையில் 40 சென்டிமீட்டர், 10 டிகிரி வகையில் மூன்றரை சென்டிமீட்டர் வரும். எழுத்து அழிந்த குப்பியையும் இப்படி அடையாளம் காணலாம்.

கேள்வி: சென்சாரைத் தூசியிலிருந்து காக்க முன்னால் கண்ணாடி வைத்தேன், அளவே மாறவில்லை. ஏன்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சாதாரணக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் 8 முதல் 14 மைக்ரானுக்குச் சுவர் மாதிரி. சென்சார் அந்தக் கண்ணாடியின் வெப்பத்தைத்தான் பார்க்கிறது. தற்காலிகத்துக்கு அச்சில்லாத மெல்லிய பாலிதீன், பால் கவரின் வெற்றுப் பகுதி போன்றது, பெருமளவு கடத்தும். நிரந்தரத்துக்கு ஜெர்மானியம். பூச்சில்லாத ஜெர்மானியம் பாதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் எதிர்ப்பிரதிபலிப்புப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். 100 டிகிரிக்கு மேல் அது ஒளிபுகாமல் மங்கத் தொடங்கும், ஸ்டென்டர் (துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் இயந்திரம்) அருகில் வைப்பதானால் ஜிங்க் செலினைடு நல்லது. அது மென்மையானது, சட்டென்று கீறல் விழும், உடைந்தால் தூளைத் தொடவோ முகரவோ கூடாது. எதை வைத்தாலும் வைத்த பிறகு அளவுதிருத்தத்தை மறுபடி செய்யுங்கள்.